வானொலி மெட்டும் ஒரு பியானோ கலைஞரும்

அணுசக்தி நகர்க் குடியிருப்புகளிலும் செம்பூர், மாட்டுங்கா வீடுகளிலும் காலையில் வானொலியைத் திருப்பி வைத்த தலைமுறைக்கு அகில இந்திய வானொலியின் தொடக்க இசை மனப்பாடம். தம்புராவின் மீட்டல் மேல் ஒரு வயலின், சிவரஞ்சனியின் சாயல். அதை அமைத்தவர் குறித்து வேறு பெயர்களும் சொல்லப்படுவதுண்டு. எனினும் பெரும்பாலோர் ஏற்பது வால்டர் காஃப்மன் என்ற பெயரையே. அவர் பியானோ கலைஞர். அந்த மெட்டிலோ பியானோவே இல்லை.

காஃப்மன் 1907இல் பொஹீமியாவின் கார்ல்ஸ்பாடில் பிறந்தார். பெர்லினில் ஃபிரான்ஸ் ஷ்ரெக்கரிடமும் கர்ட் சாக்ஸிடமும் பயின்றார். நடத்துநர் புரூனோ வால்டரின் உதவியாளராகப் பணியாற்றினார். பிராகில் முனைவர் பட்டத்திற்கான பணியை முடித்தும் பட்டத்தை ஏற்க மறுத்தார். மதிப்பிட்ட பேராசிரியர் நாஜி இளைஞர் அமைப்பின் உள்ளூர்த் தலைவர் என்பதே காரணம். தந்தைவழியில் யூதரான ஒருவருக்கு அந்நாளைய ஐரோப்பாவில் எதிர்காலம் இல்லை. 1934இல் பம்பாய் வந்திறங்கினார். இந்தியாவைத் தேர்ந்ததற்குப் பின்னாளில் அவர் கூறிய காரணத்தில் கீழைத்தேய மோகம் ஏதுமில்லை. விசா எளிதில் கிடைத்தது, அவ்வளவே.

வந்த சில மாதங்களில் பம்பாய் அறையிசைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். வயலினில் மெஹ்லி மேத்தா, செல்லோவில் எடிஜியோ வெர்கா, பியானோவில் காஃப்மன். வியாழன்தோறும் வில்லிங்டன் ஜிம்கானாவில் நடந்த கச்சேரிகளுக்கு ஐரோப்பியரும் பார்சிகளுமே முதன்மையான அவையோர். (அணுசக்தி நகருக்கு வித்திட்ட ஹோமி பாபாவுக்கு மேலையிசைப் பற்று வாய்த்ததும் இத்தகைய பார்சிச் சூழலிலேதான்.) வருவாய்க்காக மோகன் பவ்னானியின் திரைப்படங்களுக்கும் இசையமைத்தார். 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியில் ஐரோப்பிய இசைப் பிரிவின் இயக்குநர்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் புலம்பெயர்ந்த ஐரோப்பியக் கலைஞர்களுள் ஒருவராகவே எஞ்சியிருப்பார். முதன்முதலில் கேட்ட இந்திய இசைத்தட்டுகள் அவருக்கு முற்றிலும் அயலாக ஒலித்தன. ஆனால் அறிவும் உள்ளமும் உடைய மனிதர் ஆக்கியது, கோடிக்கணக்கானோர் விரும்புவது எப்படிப் பொருளற்றதாகும் என்று அவர் எண்ணினார். குறை தன் செவியில் என்ற முடிவுக்கு வந்தார். காலனிய இந்தியாவில் ஓர் ஐரோப்பிய இசைஞர் இம்முடிவுக்கு வந்தது சிறு செய்தியன்று.

பியானோ பயின்ற செவிக்கு இங்கே உண்மையான தடை உண்டு. பியானோவில் ஒரு சுரம் ஒரு கட்டை. இரண்டு கட்டைகளுக்கு நடுவே வழி இல்லை. தோடியின் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்துதான் தோடியாகிறது. இதே காரணத்தைக் காட்டித்தான் ஆர்மோனியத்தை எதிர்த்தனர். காஃப்மன் பணியாற்றிய வானொலியே 1940இல் அதனைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. கட்டைக் கருவியில் வளர்ந்தவர் வயலினுக்கும் தம்புராவுக்கும் மெட்டு அமைத்தார் என்பதை இப்பின்புலத்தில் வைத்துக் காண வேண்டும்.

இந்தியாவை விட்டபின் கனடா: ஹாலிஃபாக்ஸ் இசைப்பள்ளியில் பியானோத் துறைத் தலைவர், அடுத்து வினிபெக் சிம்பொனியின் நடத்துநர். இறுதியாக அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1968இல் வட இந்திய ராகங்கள் குறித்தும் 1976இல் தென்னிந்திய ராகங்கள் குறித்தும் பெருநூல்கள் வெளியிட்டார். இரண்டாவது நூலின் துணைத்தலைப்பு அதனைச் சுரவரிசைகளின் பட்டியல் என்றே அடக்கமாக அறிவிக்கிறது. மேளகர்த்தா முறையில் ராகங்களை ஒழுங்குபடுத்தி மேலைக் குறியீட்டில் எழுதிய அரிய உழைப்பு அது. ஆனால் ஆரோகண அவரோகணம் ராகத்தின் எலும்புக்கூடு மட்டுமே; கமகம் அந்த ஐந்து கோடுகளுக்குள் வந்துவிடுவதில்லை. கேட்கையில் கட்டைகளைக் கடந்த செவி, எழுதுகையில் மறுபடியும் கட்டைகளுக்குத் திரும்பியது எனலாம். அக்குறை அவருடையது மட்டுமன்று. இன்றைய கருநாடக இசைப் பாடநூல்கள் பலவற்றுக்கும் அது பொருந்தும்.

1984இல் காஃப்மன் மறைந்தார். அவருடைய அறையிசைப் படைப்புகள் நெடுங்காலம் கையெழுத்துப் படிகளாகவே கிடந்தன. 2020இல்தான் கனடாவின் ஏ.ஆர்.சி. குழு அவற்றுள் சிலவற்றை ஒலிப்பதிவு செய்து வெளியிட்டது.