லே-ஆப்: அன்றும் இன்றும்

மதுரைக்காரர்களுக்கு ‘லே-ஆப்’ புதுச் சொல் அல்ல. ஹார்வி மில் சங்கையும் மீனாட்சி மில் சங்கையும் வைத்து மணி பார்த்த ஊர் இது. “இன்னைக்கு லே-ஆப்” என்று தூக்குவாளியோடு ஒருவர் சீக்கிரம் வீடு திரும்பினால், அந்த வாரம் கடையில் கடன் கூடும். ஆனால் வேலை போய்விட்டது என்று யாரும் அழ மாட்டார்கள்.

இன்று அதே சொல்லைப் பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள். 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. அதற்கும் ‘லே-ஆப்’ என்றுதான் பெயர். “நிலைமை சரியானா திரும்பக் கூப்பிடுவாங்கப்பா” என்று நாம் ஆறுதல் சொன்னால், பிள்ளைகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை.

இருவர் சொல்வதும் சரிதான். ‘லே’ என்றால் வைப்பது. ‘ஆப்’ சேர்ந்தால் விலக்கி வைப்பது. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஆர்டர் குறைந்தால் ஆட்களை வீட்டுக்கு அனுப்பி, வேலை வந்ததும் கூப்பிடுவதற்கு இப்படிச் சொன்னார்கள். நாளடைவில் அங்கே ஒரேயடியாக அனுப்புவதற்கும் அந்தச் சொல்லே நின்றுவிட்டது.

நம் நாட்டில் பழைய பொருளைச் சட்டம் பிடித்து வைத்துக்கொண்டது. 1953-இல் பஞ்சாலைகளில் சரக்கு தேங்கி, பலருக்கு வேலை இல்லாத நிலை வந்தது. அதனால் 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் லே-ஆப் பற்றிய பகுதி சேர்க்கப்பட்டு, 1953 அக்டோபர் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் இவற்றில் ஒன்று இல்லாமலோ, சரக்குத் தேங்கியோ, இயந்திரம் பழுதாகியோ வேலை தர முடியாவிட்டால் அது லே-ஆப். தொழிலாளியின் பெயர் வருகைப் பதிவேட்டில் அப்படியே இருக்க வேண்டும்.

50 பேருக்குக் குறையாத தொழிற்சாலையில் ஓராண்டு வேலை பார்த்தவருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்கும். ஆனால் தினமும் ஒருமுறை மில்லுக்குப் போய்த் தலையைக் காட்ட வேண்டும். ஓராண்டு முடிக்காத பதிலி ஆட்களுக்கு அந்தப் பாதியும் இல்லை. 12 மாதத்தில் 45 நாளைத் தாண்டினால், உரிய தொகை கொடுத்து ஆளைக் குறைக்கவும் முதலாளிக்கு வழி இருந்தது.

ஒரேயடியாக அனுப்புவதற்குச் சட்டத்தில் வேறு பெயர்: ஆட்குறைப்பு. அதற்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம், அதோடு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். தகராறில் முதலாளியே மில்லை மூடினால் அது கதவடைப்பு. மூன்றுக்கும் உரிமை வேறு, பணம் வேறு. அதனால்தான் வாயிற்கூட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர்கள் இந்தச் சொற்களைப் பிரித்துப் பிரித்துப் பேசினார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் தொழிலாளிக்கும் அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது.

இன்று படித்த பிள்ளைகளிடம் அந்தக் கவனம் குறைவு. கம்பெனி லே-ஆப் என்று வாயால் சொல்லும். கையெழுத்துக்கு வரும் தாளில் ‘ராஜினாமா’ என்று இருக்கும். தானே விலகியவருக்கு ஆட்குறைப்புத் தொகை கிடையாது. ஆகவே உங்கள் வீட்டுப் பிள்ளை போனில் அந்தச் சொல்லைச் சொன்னால், ஆறுதல் பிறகு இருக்கட்டும். “தாள்ல என்ன எழுதியிருக்கு? படிக்காம கையெழுத்துப் போடாதே” என்று முதலில் சொல்லுங்கள்.