பெயர் என்னும் வாக்குறுதி

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்தொடர் வண்டி எண்ணூரைக் கடந்ததும் முதலில் அடைவது அத்திப்பட்டு புதுநகர், அதற்கடுத்ததே அத்திப்பட்டு. ‘அத்திப்பட்டு’ என்று மட்டும் கேட்டுவந்த புதியவர் முதல் நிலையத்திலேயே இறங்கிவிடக்கூடும். இரண்டையும் பிரிப்பது ஒரு பின்னொட்டுதான். கணிப்பொறியின் வரலாற்றிலும் இச்சிக்கல் உண்டு.

பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் செயற்கூறுகளின் தொகுப்பே பகிர்நூலகம். நிரல், தனக்கு வேண்டியதைப் பெயர் சொல்லி அழைக்கும். விண்டோஸில், வெளியே தெரிய வேண்டிய பெயர்களை நூலகத்தை எழுதியவரே குறித்துத் தர வேண்டும். குறிக்காதவை உள்ளேயே தங்கிவிடும். 1980களின் இறுதியில் யுனிக்ஸ் உலகில் தோன்றி, பின்னர் லினக்ஸும் ஏற்றுக்கொண்ட ‘எல்ஃப்’ கோப்பமைப்பிலோ நிலைமை தலைகீழ். ஒரு கோப்புக்குள் மட்டும் அடங்குமாறு குறித்தவை நீங்கலாக, மறைக்கச் சொன்னாலன்றி எல்லாப் பெயரும் வெளியே தெரியும். இரு நூலகங்களில் ஒரே பெயர் இருப்பின், தேடும் வரிசையில் முதலில் அகப்படுவதே அழைப்பை ஏற்கும். புதியவர் புதுநகரில் இறங்கிய கதைதான்.

அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று வகுத்தது தொல்காப்பியம். பாரியும் அதியமானும் பெயரோடு உலவுவது புறத்தில். மறைந்திருப்பதை விரும்பியபடி மாற்றலாம். பெயர் வெளியே போய்விட்டாலோ அது வாக்குறுதியாகிவிடுகிறது. இந்த அக ஒழுக்கத்தை நூலகம் முழுமைக்கும் ஒரே கட்டளையில் விதிக்கும் வசதி, 2005இல் வெளியான ஜிசிசி 4.0 கம்பைலரில்தான் வந்தது.

வெளியே போன பெயரை என்ன செய்வது? 2010இல் இக்கேள்வி வீட்டுக் கணினிகள் வரை வந்தது. நினைவகத்தின் ஒரு பகுதியை மற்றோரிடத்துக்குப் படியெடுக்கும் ‘மெம்காப்பி’ என்னும் செயற்கூற்றை, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் விரைவாக்கினர். ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிகளுக்கு அதைப் பயன்படுத்தக்கூடாது என்பது விதி. அடோபியின் ஃப்ளாஷ் அவ்விதியை மீறியிருந்தது. பழைய செயற்கூறு அப்பிழையை வெளிக்காட்டாமல் காத்துவந்தது. புதியது வந்ததும் ஃபெடோரா 14 பயனர்களின் செவிகளில் ஒலி சிதைந்து விழுந்தது.

பிழை ஃப்ளாஷினுடையது, வாக்கு ஜிலிப்சியினுடையது. 2011இல் வெளியான 2.14ஆம் பதிப்பு இரண்டையும் மதித்தது. ‘மெம்காப்பி’ என்ற பெயருக்கு இரு பதிப்பெண்கள் வந்தன. பழைய நிரல்களுக்குப் பழைய எண்ணின் கீழ், படியும் பகுதிகளையும் பழுதின்றிக் கையாளும் செயற்கூறு கிடைத்தது. புதியனவாகத் தொகுக்கப்பட்டவற்றுக்கு விரைவானது. அத்திப்பட்டுக்கும் புதுநகருக்கும் இடையிலுள்ள அதே பின்னொட்டு வித்தை!

2020இன் இறுதியோடு அடோபி ஃப்ளாஷைக் கைவிட்டது. அதன்பொருட்டுத் திறந்த பழைய வாசலோ ஜிலிப்சியில் இன்றும் அடைபடவில்லை. அவ்வழியே இன்னும் எந்தப் பழைய நிரல் வந்து பெயர் சொல்லி அழைக்குமோ, யார் அறிவார்?