சவலைக்கான சிகிச்சை ஊருக்கு வந்த வரலாறு

தாய் மறுபடியும் சூலுற்றதால் பால் மறந்து இளைத்துப்போகும் குழந்தையைச் சவலை என்கிறோம். கானாவின் கடற்கரையில் பேசப்படும் கா மொழியிலும் இதற்கு இணையான ஒரு சொல் உண்டு: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை வந்ததும் இடம் இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். அக்ராவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1933இல் இந்நோயை விவரித்து எழுதினார். 1935இல் லான்செட் இதழில் இந்தப் பெயரையே நோய்க்குச் சூட்டினார். ஊர் மக்களின் வாயிலிருந்து வந்த சொல் அது. நோயை முதலில் இனங்கண்டவர்கள் அவர்களே. ஆனால் சிகிச்சை அதன்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் மருத்துவமனைச் சுவருக்குள்ளேயே கிடந்தது. ஊராரின் அறியாமையைவிட, மருந்தாகக் கொடுத்த பாலில் இருந்த தண்ணீரே அதற்குப் பெரிய காரணம் என்பது என் வாதம்.

1954இல் ஜமைக்காவில் ஜான் வாட்டர்லோ தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் இந்நோயின் உடலியலைப் பொறுமையாகப் பிரித்துக் காட்டியது. பட்டினியில் வாடிய உடல் தன் எல்லா வேலைகளையும் குறைத்துக்கொண்டுதான் உயிரைப் பிடித்துவைக்கிறது. அந்த நிலையில் பரிதாபப்பட்டு நிறைய ஊட்டினாலும், உப்பும் நீரும் அதிகமாக ஏற்றினாலும் பிள்ளை இறந்துவிடும். முதலில் கொஞ்சம் கொஞ்சமாகவும் உடல் தேறியபின் நிறையவும் ஊட்ட வேண்டும். அதே கூடத்தில் பணியாற்றிய மைக்கேல் கோல்டனின் உழைப்பில் 1990களில் எஃப்-75, எஃப்-100 என்ற பால் கலவைகள் பிறந்தன. எண்கள் 100 மி.லி.யில் உள்ள கலோரிகளைக் குறிப்பவை.

கலவை அருமையானது, சிக்கல் கரைப்பதில் இருந்தது. தண்ணீர் சேர்ந்த பால் வெப்ப நாட்டில் சில மணி நேரத்தில் கிருமிக்கு விளைநிலமாகிவிடும். சுத்தமான நீர், அளந்து கலக்க ஆள், இரவிலும் ஊட்டத் தாதி என எல்லாம் வேண்டும். தாய் வாரக்கணக்கில் கூடவே தங்க வேண்டும். வீட்டில் மற்ற பிள்ளைகள் இருக்கையில், வயலில் களை காத்திருக்கையில் எந்தத் தாய் தங்குவாள்? பலர் வரவே இல்லை. வந்தவர்களிலும் பலர் பாதியில் கிளம்பினர். நெரிசலில் ஒரு பிள்ளையின் தொற்று இன்னொன்றுக்குப் பரவியது. மருத்துவமனைகளில் கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டால் சேர்க்கப்படும் குழந்தைகளில் 20 முதல் 30 விழுக்காட்டினர் இறப்பது ஐம்பது ஆண்டுகளாக மாறவில்லை என்று 1996இல் வெளியான மீளாய்வு ஒன்று சொன்னது.

இதற்கிடையில் நோயைக் கண்டறியும் கருவி சத்தமில்லாமல் எளிதாகிக்கொண்டிருந்தது. ஒன்று முதல் ஐந்து வயது வரை குழந்தையின் மேற்கைச் சுற்றளவு அதிகம் மாறுவதில்லை. ஆகவே பிறந்த தேதி தெரியாத ஊரிலும், தராசு இல்லாத ஊரிலும் கையை அளந்தால் போதும். டெரிக் ஜெலிஃப் 1960களில் இந்த அளவைப் பரப்பினார். பாக்தாதின் ஷாகிரும் டேவிட் மார்லியும் 1974இல் அதைச் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டையாக்கினர். படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும். இன்று சிவப்பின் எல்லை 115 மி.மீ.

பட்டை இருந்தும் கொடுக்க மருந்து இல்லை. அது 1996இல் பிரான்சில் வந்தது. ஆந்த்ரே பிரியாந்தும் நியூட்ரிசெட் நிறுவனத்தின் மிஷெல் லெஸ்கானும் எஃப்-100இன் பால்பொடியில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு நிலக்கடலை விழுதைச் சேர்த்தனர். எண்ணெய்ப் பிடிப்புள்ள விழுதில் நீர் மிகக் குறைவு, கிருமி வளராது. அடுப்பும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. அந்தப் பொட்டலத்துக்குக் காப்புரிமையும் கூடவே வந்தது. பிற நாடுகளில் உற்பத்தி பரவ அது நெடுங்காலம் முட்டுக்கட்டையாக இருந்தது என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு.

பட்டையையும் பொட்டலத்தையும் இணைத்தவர் மருத்துவர் ஸ்டீவ் காலின்ஸ். பசித்துத் தின்னும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புங்கள், பசியற்றதையும் வேறு நோயுள்ளதையும் மட்டும் படுக்கையில் சேருங்கள் என்று அவர் வாதிட்டபோது, பொறுப்பற்ற பேச்சு என்றவர்கள் இருந்தார்கள். எத்தியோப்பியாவும் மலாவியும் முதல் சான்றுகளைத் தந்தன. 2005இல் நைஜரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்தது. எந்த மருத்துவமனையிலும் அத்தனை பேருக்குக் கட்டில் போட முடியாது. 2007இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பிற ஐ.நா. அமைப்புகளும் கூட்டறிக்கையில் இம்முறையை ஏற்றன.

ஆனாலும் ஒரு படி மிச்சம் இருந்தது. பெரும்பாலான நாடுகளில் ஊர்ப் பணியாளர் பட்டையால் அளந்து, சிவப்பு வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழிகாட்டுவார். பொட்டலம் அங்கேதான் கிடைக்கும். மலேரியாவுக்கும் நிமோனியாவுக்கும் மருந்து கொடுக்க நம்பப்பட்ட அதே பெண், கடலை விழுதைக் கொடுக்க நம்பப்படவில்லை. விந்தைதான். வங்கதேசத்தின் போலாவில் 2009–10இல் பணியாளர்களிடமே சிகிச்சையை ஒப்படைத்துப் பார்த்தபோது சுமார் 92 விழுக்காட்டுக் குழந்தைகள் தேறினர். மாலியின் கிட்டா மாவட்டத்தில் பணியாளர்களிடம் தேறியவர்கள் 94 விழுக்காட்டினர். சுகாதார நிலையங்களில் 89. தேறும் விகிதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, சிகிச்சை எட்டிய குழந்தைகளின் பங்கு: நிலையங்கள் மட்டும் இருந்த பகுதியில் 42 விழுக்காடு, பணியாளர்களும் சிகிச்சையளித்த பகுதியில் 87. நடக்க வேண்டிய தூரம் குறைந்ததன் பலன் அது.

தமிழ்நாட்டுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. 1980இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், அந்தந்த ஊர்ப் பெண்களே மாதந்தோறும் குழந்தைகளை எடைபோட்டு, எடை தளரும் பிள்ளைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் கூடுதல் உணவு கொடுத்தனர். கடும் நோய்க்கான சிகிச்சை அல்ல அது. எனினும் அளப்பதும் முடிவெடுப்பதும் ஊட்டுவதும் ஒரே கையில் இருந்தன. பொட்டலத்தின் மீது இந்தியாவுக்கு இன்றும் ஐயம் உண்டு. வீட்டுச் சாப்பாட்டை அது விரட்டிவிடும் என்ற அச்சம் புறந்தள்ளத்தக்கதல்ல. ஊர்ப் பணியாளரின் கூலி குறித்த மௌனத்துக்குத்தான் எந்தச் சமாதானமும் இல்லை. ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் இன்னமும் ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர்களாகவே கணக்கில் இருக்கிறார்கள்.

போதிய பயிற்சியும் தொடர் மேற்பார்வையும் இருந்தால் சமுதாயச் சுகாதாரப் பணியாளரே இக்குழந்தைகளை மதிப்பிட்டுச் சிகிச்சையளிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொன்னது 2023இல். சிசிலி வில்லியம்ஸின் முதல் கட்டுரைக்குச் சரியாகத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து.