வல்லாரையும் வெல்லாரினும்



நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் பேச்சு சர்க்கரை, அடுத்த பேச்சு தூக்கம், மூன்றாவது "உடம்பில் தெம்பே இல்லை சார், மனசும் படபடங்குது" என்பது. இந்த மூன்றாவதற்குப் பக்கத்தில் நிற்பவர் யாராவது சொல்லும் பதில் பெரும்பாலும் வல்லாரைதான். முன்பெல்லாம் வாய்க்கால் கரையில் பறித்து வந்தோம். இப்போது பொடி, மாத்திரை, லேகியம், சிரப் என்று கடையில் வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். இந்தச் சின்னக் கீரைக்கும் நம் பழைய பிரெஞ்சிந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நம்மில் பலர் கேள்விப்படாத கதை என்பதால் எழுதுகிறேன்.

வல்லாரையைப் பற்றி டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரமான வரப்பிலும் கரையோரத்திலும் தரையோடு தரையாகப் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டுப் போகும். சிறுநீரக வடிவில் வட்ட இலை, லேசான கசப்பு. பிள்ளைகளுக்கு ஞாபக சக்தி வரும் என்று கொடுத்ததால் சரஸ்வதி கீரை என்றும் பெயர். வடமொழியில் மண்டூகபர்ணி. மண்டூகம் என்றால் தவளை. யாழ்ப்பாணத்தார் வல்லாரைச் சம்பல் செய்வார்கள், நாம் துவையல் அரைப்போம். 1753இல் லின்னேயஸ் இதற்கு 'ஹைட்ரோகோட்டில் ஏசியாட்டிக்கா' என்று பெயரிட்டார். 1879இல் அது 'சென்டெல்லா ஏசியாட்டிக்கா' ஆனது. இன்றும் மாத்திரைப் புட்டிகளில் இருப்பது இந்த இரண்டாவது பெயர்தான்.

ஐரோப்பிய மருத்துவர்கள் இதைப் பெரிதாகக் கவனித்தது மூளைக்காகவும் இல்லை, தெம்புக்காகவும் இல்லை. தொழுநோய்க்காக. 1852இல் மொரீஷியஸ் தீவில் புவாலோ என்ற மருத்துவர், வல்லாரை தொழுநோயில் நல்ல பலன் தருகிறது என்று அறிவித்தார். மொரீஷியஸ் அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்தாலும், 1810 வரை பிரெஞ்சுத் தீவு. பேச்சும் படிப்பும் பிரெஞ்சுதான். நம் பக்கத்துத் தமிழர்கள் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே கைவினைஞர்களாக அங்கே போய்விட்டார்கள். பிறகு கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பல் கப்பலாகப் போனார்கள். ஆகவே அந்தத் தீவில் கிளம்பிய செய்தி புதுச்சேரிக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

அப்போது புதுச்சேரியில் ழூல் லெப்பின் என்ற பிரெஞ்சு மருந்தாளர் இருந்தார். வல்லாரைக்குள் வேலை செய்யும் சரக்கு எது என்று தேடி, 1855இல் ஒரு பகுப்பாய்வை வெளியிட்டார். காய்ந்த செடியிலிருந்து நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, எண்ணெய் போன்ற ஒரு பொருள் கிடைத்தது. பச்சை வல்லாரையின் மணமும் சுவையும் அதில் அப்படியே இருந்ததாம். செடியின் சாரமே இதுதான் என்று முடிவு செய்து, அதற்கு 'வெல்லாரின்' என்று பெயர் சூட்டினார். லத்தீனைத் தேடிப் போகாமல், நம் ஆட்கள் வாயில் கேட்ட 'வல்லாரை' என்ற தமிழ்ச் சொல்லையே எடுத்துக்கொண்டார். தமிழ்ப் பெயர் தாங்கி ஐரோப்பிய வேதியியல் நூல்களுக்குள் போன பொருள்கள் அதிகம் இல்லை. இது அவற்றில் ஒன்று.

அதே காலத்தில் சென்னையில் தொழுநோய் மருத்துவமனையில் ஹன்டர் என்ற மருத்துவர் வல்லாரையை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர் சொன்ன முடிவு நிதானமானது. தொழுநோயைத் தீர்க்கும் தனி மருந்து என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் தொந்தரவுகள் குறைகின்றன, பொதுவான உடல்நிலை தேறுகிறது என்றார். 1868இல் வெளிவந்த இந்திய மருந்து நூலில் வல்லாரை அதிகாரபூர்வமாக இடம் பெற்றது.

வெல்லாரின் என்ன ஆயிற்று? 1874இல் லண்டனில் ஃப்ளூக்கிகர், ஹன்பரி என்ற இருவர் 'பார்மகோகிராஃபியா' என்ற புகழ்பெற்ற நூலை வெளியிட்டார்கள். மூன்று அவுன்ஸ் காய்ந்த வல்லாரையைச் சாராயத்தில் ஊறவைத்து அவர்களும் பிரித்துப் பார்த்தார்கள். வெல்லாரின் போன்ற எதுவும் கிடைக்கவில்லை. பச்சை நிறச் சாறும் துவர்ப்புப் பொருளும்தான் மிஞ்சின. லெப்பின் சொன்ன குணங்களைப் பார்த்தால் இதை எந்த வகையில் சேர்ப்பது என்றே தெரியவில்லை என்றும் எழுதினார்கள். நம் தமிழ்ப் பெயர் கொண்ட அந்த மருந்து அதோடு மெல்ல மறைந்தது.

ஆனால் செடி மறையவில்லை. 1940களில் மடகாஸ்கரில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மறுபடி அதைக் கையில் எடுத்தார்கள். ஏசியாட்டிகோசைடு என்ற பொருள் 1941இல் பிரிக்கப்பட்டது. புண் ஆறுவதற்கு அது துணை செய்கிறது என்று தெரிந்து, பிரான்சில் களிம்பாகவும் வந்தது. புவாலோ பார்த்த பலன் முழுக்கக் கற்பனை அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. நோயாளிகளின் புண்கள் ஆறியிருக்கலாம், கிருமி போயிருக்காது. தொழுநோய்க்கு உண்மையான விடிவு டாப்சோன் மாத்திரையோடும், 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தோடும்தான் வந்தது. கீரையை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் எத்தனை பேர் விரல்களை இழந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி நமக்கு வேண்டிய விஷயம், மனசும் தெம்பும். 2000இல் 40 ஆரோக்கியமான நபர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு 12 கிராம் வல்லாரை, மற்றவர்களுக்குப் போலி மருந்து. திடீர்ச் சத்தம் எழுப்பினால், வல்லாரை சாப்பிட்டவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் குறைவாகவே திடுக்கிட்டார்கள். 2017இல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு, ஞாபக சக்தி கூடுவதற்கு வலுவான சான்று இல்லை, சுறுசுறுப்பும் மன அமைதியும் ஓரளவு கூடலாம் என்றது. ஏறக்குறைய 1855இல் ஹன்டர் சொன்னதுதான். குறிப்பிட்ட நோய்க்குத் தனி மருந்து அல்ல, பொதுவாக நல்லது. நூற்றைம்பது ஆண்டுகள் சுற்றி அதே இடத்துக்கு வந்திருக்கிறோம்.

இதில் நான் கவனித்த பாடம் ஒன்று. லெப்பின் கீரையிலிருந்து சாரத்தை மட்டும் உருவி எடுத்து மருந்தாக்க நினைத்தார். இன்றைய மாத்திரைக் கடைகளும் அதையே செய்கின்றன. ஆனால் துவையலாக உண்பதும், சாரத்தைச் செறிவாக்கி மாதக்கணக்கில் விழுங்குவதும் ஒன்றல்ல. அர்ஜென்டினாவில் வல்லாரை மாத்திரைகளைச் சில வாரங்கள் சாப்பிட்ட மூன்று பெண்களுக்கு மஞ்சள் காமாலை வந்ததாக 2005இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. நிறுத்தியதும் குணமானார்கள். மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று சொல்பவர்கள் இதை நினைவில் வைக்கவும்.

பெயர்க் குழப்பமும் உண்டு. 'பிராமி' என்று எழுதியிருந்தால் அது வல்லாரையாகவும் இருக்கலாம், நீர்ப்பிரமியாகவும் இருக்கலாம். வடநாட்டில் இரண்டையும் அப்படி அழைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு செடிகள். புட்டியில் தாவரப் பெயரைப் பார்த்து வாங்குங்கள். தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் வல்லாரை மாத்திரை தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதைவிட முக்கியம், தெம்பு திடீரென்று குறைந்தால் அதற்குக் காரணம் ரத்தசோகையோ தைராய்டோ இதயமோ ஆக இருக்கலாம். முதலில் பரிசோதனை, பிறகு கீரை.

துவையலுக்குத் தடை ஏதும் இல்லை. சுத்தமான இடத்தில் பறித்து, நாலு தண்ணீரில் அலசி, நெய்யில் வதக்கி, மிளகு, தேங்காய் வைத்து அரைத்தால் சூடான சோற்றுக்கு அதற்கு ஈடு இல்லை. சாக்கடை ஓரத்தில் முளைத்ததை மட்டும் தொடாதீர்கள், அது மண்ணில் உள்ள அழுக்கையெல்லாம் உறிஞ்சும். வீட்டில் ஒரு தொட்டி போதும், தினம் தண்ணீர் ஊற்றினால் தானே படரும்.

லெப்பின் வைத்த பெயர் புத்தகத்தோடு போய்விட்டது. நம் அம்மாக்கள் சொன்ன பெயர் இன்னும் கீரைக்காரி வாயில் இருக்கிறது.