காம்பும் பிடியும்

கோடாலிக்குக் காம்பு, கத்திக்குப் பிடி. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். மண்வெட்டியில் இருப்பதைச் சில பக்கங்களில் கணை என்பார்கள். ஆனாலும் ‘கத்திக் காம்பு’ என்றால் காதில் இடறுகிறது. நீளம்தான் காரணம் என்று தோன்றும். பொழுதுபோக்காகப் பழைய கத்திகளுக்குப் பிடி போட்டுப் பார்த்தவர்களுக்கு இன்னொரு காரணமும் தட்டுப்படும்.

கோடாலியில் துளை இரும்பில் இருக்கிறது. மரம் உள்ளே போகிறது. ஆடினால் மரத்தின் தலையைப் பிளந்து ஆப்பு அடிக்கிறோம், விரிந்து இறுகிக்கொள்ளும். கத்தியிலோ அரிவாளிலோ இரும்பின் வால் மரத்துக்குள் போகிறது. மரம் விரிந்தால் அங்கே வெடிப்புதான். அதனால்தான் கழுத்தில் பூண். வாலைப் பழுக்கக் காய்ச்சி, முன்பே போட்ட சிறு துளையில் இறக்கினால், மரம் புகைந்து வாலின் வடிவத்துக்கே குழிந்து கொடுக்கும். மிஞ்சிய இடைவெளியை உருக்கிய அரக்கு அடைக்கும். இன்று அந்த வேலையை அரால்டைட் செய்கிறது. நாற்றம் குறைவு, பொறுமையும் குறைவாகப் போதும்.

ஆக, இரும்புக்குள் போவது காம்பு, இரும்பை உள்வாங்குவது பிடி. இலக்கணம் போட்ட விதியல்ல, என் ஊகம். ஆனால் பெரும்பாலும் பொருந்திவருகிறது.

காம்பு செடிகொடியிலிருந்து வந்த சொல். வெற்றிலைக் காம்பு, பூக்காம்பு. பழந்தமிழில் மூங்கிலுக்கும் அது பெயர். தெலுங்கில் ‘காம’, கன்னடத்தில் ‘காவு’ என்று தண்டையும் கருவியின் கைப்பிடியையும் சேர்த்தே குறிக்கிறது. இம்மொழிகள் பிரியும் முன்பே இரண்டுக்கும் ஒரு சொல் இருந்தது என்று எண்ண இடமுண்டு. தன் இனத்தையே வெட்டத் துணைபோகிறவனைக் கோடரிக் காம்பு என்று ஏசுகிறோம். கத்திப்பிடியும் மரம்தான், அது எப்படியோ பழியிலிருந்து தப்பிவிட்டது.

சங்கப் பாட்டில் வேலின் தண்டுக்குக் காழ் என்று பெயர். புறநானூற்று 95ஆம் பாட்டில் தொண்டைமானின் வேல்கள் காழ் திருத்தி, நெய் பூசி, காவலில் பத்திரமாக இருக்கின்றன. அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. அவையே 97ஆம் பாட்டில் மூட்டு தளர்ந்து ஆடுகின்றன. காழ் செருகும் குழலுக்கு அங்கே சுரை என்று பெயர். பிடி ஆடுகிறதே என்ற கவலை அவ்வளவு பழையது. பாடியவர் ஔவையார், பட்டறையைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்.

காழ் என்றால் வைரமும்தான். உள்ளே வைரம் உள்ளது மரம், வெளியே வைரம் உள்ளது புல் என்று தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் மூங்கில் புல்.

பிடிக்குத் தாவரத்தோடு உறவில்லை. அது வினை, கையின் செயல். ஒரு பிடி அரிசி, கத்திப் பிடி இரண்டும் விரல் மடங்கும் அளவு.

இப்போது பலர் விரும்பிச் செய்வது இரும்பு பிடியின் கடைசிவரை ஓடும் கத்தி. இருபுறமும் மரத்துண்டு ஒட்டி, பித்தளை ஆணி அறைந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். இதில் எதுவும் எதற்குள்ளும் போகவில்லை. என் ஊகம் இங்கே செல்லாது, பெயர் மட்டும் பிடி என்றே நிற்கிறது. ஈர மரத்தில் செய்துவிட்டால் கோடையில் மரம் சுருங்கி, இரும்பின் விளிம்பு உள்ளங்கையை உறுத்தும். புளி, கருவேலம் எதுவானாலும் நன்றாக உலர்ந்த வைரப் பகுதியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.