புதைந்ததும் பிழைத்ததும்

அச்சேறிய நூல்களைக் கொண்டே இலக்கிய வரலாறு எழுதப்படுகிறது. எழுதி முடிக்கப்பட்டும் ஆசிரியரின் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்ட கையெழுத்துப் படிகளுக்கு அவ்வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பேனும் கிடைப்பது அரிது. படைக்கப்பட்டது என்பதையும் வெளியிடப்பட்டது என்பதையும் ஒன்றாகவே எண்ணி நாம் பழகிவிட்டோம். இவ்விரண்டிற்கும் இடையே எத்துணைத் தொலைவு உண்டு என்பதைக் காட்டும் நிகழ்ச்சியொன்று, நாம் சற்றும் எதிர்பாராத ஒரு துறையில் நடந்திருக்கிறது. தொலைக்காட்சித் திரையில் சிறுவர் ஆடும் வீடியோ விளையாட்டே அத்துறை. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்னும் அமெரிக்கர் அடாரி நிறுவனத்தில் பணியாற்றியபோது உருவாக்கிய விளையாட்டுகளுள் இரண்டை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒன்று இலட்சக்கணக்கில் வெளிவந்தது; அதன் பிரதிகள் பல மண்ணுக்குள் போயின. மற்றொன்று வெளிவராமலே நின்றுபோய், இருபது ஆண்டுகள் கழித்து மக்களிடம் வந்து சேர்ந்தது.

நூற்றிருபத்தெட்டு பைட்டுகள்

அடாரி நிறுவனம் 1972 இல் கலிஃபோர்னியாவில் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி ஆகிய இருவரால் தொடங்கப்பெற்றது. 1976 இல் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனம் அதனை 2 கோடியே 80 இலட்சம் டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டு செப்டம்பரில், வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடும் கருவியொன்று 199 டாலர் விலையில் கடைகளுக்கு வந்தது. பின்னாளில் அடாரி 2600 என்று பெயர் பெற்ற கருவி அதுவே. கேட்ரிட்ஜ் என்னும் சிறு பேழையை அதில் செருகினால் ஒரு விளையாட்டு. பேழையை மாற்றினால் வேறொரு விளையாட்டு.

இக்கருவியின் தற்காலிக நினைவகம் 128 பைட்டுகள் மட்டுமே. ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்று கணக்கிட்டால், ஓர் அஞ்சலட்டையை நிரப்பவும் அது போதாது. திரையில் தெரியும் முழுப் படத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள அதற்கு வழியில்லை. ஆகவே, தொலைக்காட்சியின் மின்னணுக் கற்றை திரையில் கோடு கோடாக வரைந்து செல்கையில், அடுத்த கோட்டில் என்ன தோன்ற வேண்டும் என்பதை நிரல் அவ்வப்போதே கணித்துத் தர வேண்டும். விநாடிக்கு 60 முறை திரை முழுவதும் இவ்வாறு புதிதாக வரையப்பட்டாக வேண்டும்.

இத்தகைய நெருக்கடிக்குள் கதை, ஓவியம், ஒலி, விதிகள், நிரல் ஆகிய அனைத்தையும் பெரும்பாலும் ஒருவரே அமைத்தார். ஆயினும் அவருடைய பெயரை நிறுவனம் அட்டைப்பெட்டியில் அச்சிடவில்லை. இதனால் மனம் கசந்து வெளியேறிய நிரலர் நால்வர் 1979 இல் ஆக்டிவிஷன் என்ற நிறுவனம் உருவாகக் காரணமாயினர். வாரன் ராபினெட் என்பவர் தம் 'அட்வென்ச்சர்' விளையாட்டினுள் மறைவான ஓர் அறையை அமைத்து, அதில் தம் பெயரை எழுதிவைத்தார். கோயிற் சிற்பங்களைப் போலவே பெயர் தெரியாத கைகளின் வேலையாகவே இவ்விளையாட்டுகளும் பல்லாயிரம் வீடுகளுக்குச் சென்றன.

ஐந்து வாரங்கள்

வார்ஷா 1981 இன் தொடக்கத்தில் அடாரியில் சேர்ந்தார். அவருடைய முதல் விளையாட்டான 'யார்ஸ் ரிவெஞ்ச்' 1982 இல் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. அதனுள் அவரும் தம் பெயரின் முதலெழுத்துகளை மறைத்து வைத்திருந்தார். அடுத்து, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் திரைப்படமொன்றைத் தழுவி 'ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' விளையாட்டை அமைத்தார். இவை ஒவ்வொன்றும் பல மாத உழைப்பில் உருவானவை.

1982 சூலை இறுதியில் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' திரைப்படம் அப்போது அமெரிக்காவெங்கும் பெரும் வரவேற்புடன் ஓடிக்கொண்டிருந்தது. அதனை விளையாட்டாக்கும் உரிமையை வார்னர் பெரும்பொருள் கொடுத்துப் பெற்றிருந்தது. உரிமைப் பேச்சுவார்த்தை நீண்டுவிட்டமையால், கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் பேழைகள் கடைகளுக்கு வரவேண்டுமாயின் செப்டம்பர் முதல் நாளுக்குள் நிரல் முடிந்தாக வேண்டும். எஞ்சியிருந்தவை ஐந்து வாரங்களே. வார்ஷா இணங்கினார். வீட்டிலும் ஒரு கணிப்பொறியமைப்பை நிறுவிக்கொண்டு, இரவு பகலாக உழைத்துக் குறித்த நாளில் முடித்தும் கொடுத்தார்.

விளையாட்டு முதலில் நன்றாகவே விற்றது. பின்னர் குறைகள் வெளிப்பட்டன. ஈ.டி. அடிக்கடி குழிகளுக்குள் விழுவதும், மெல்ல மேலெழுந்து வருவதும், மீண்டும் விழுவதும் ஆடியவர்களைச் சலிப்படையச் செய்தன. செய்து பார்த்துத் திருத்துவதற்கான அவகாசமே அந்த ஐந்து வாரங்களுள் இல்லை. தேவைக்கு மேல் தயாரிக்கப்பட்ட பேழைகள் தேங்கின.

அதே காலத்தில் தொழில் முழுவதுமே சரிந்துகொண்டிருந்தது. தரமற்ற விளையாட்டுகளைப் பல நிறுவனங்கள் சந்தையில் கொட்டின. வணிகர்கள் அவற்றை அடிமாட்டு விலைக்குத் தள்ளினர். வீட்டுக் கணிப்பொறிகளின் விலையும் இறங்கியது. அடாரி 1983 இல் 50 கோடி டாலருக்கு மேல் இழந்தது. இச்சரிவுக்குக் காரணங்கள் பலவாயினும், பழிசுமக்க ஒரு பெயர் தேவைப்பட்டது. 'ஈ.டி.' அப்பெயராயிற்று. உலகின் மிக மோசமான விளையாட்டைச் செய்தவர் என்ற வசை வார்ஷாவைப் பல்லாண்டுகள் தொடர்ந்தது.

அரங்கேறாத விளையாட்டு

இவ்வாறு வீடு சரிந்துகொண்டிருந்த நாள்களில்தான் வார்ஷா தம் அடுத்த விளையாட்டை அமைத்தார். அதன் பெயர் 'சபோட்டர்'. நாசவேலை செய்து பகைவரின் முயற்சியை முறியடிப்பவன் என்பது பொருள். பகைவர் ஓர் ஏவுகணையைப் பகுதி பகுதியாகக் கட்டியெழுப்புகின்றனர். அது முற்றுப்பெறாமல் தடுப்பதே ஆடுபவரின் பணி. இது எத்திரைப்படத்தையும் தழுவியதன்று. 'யார்ஸ் ரிவெஞ்ச்' போலவே அவருடைய சொந்தக் கற்பனையில் பிறந்தது.

ஆனால், அறிமுகமான பெயர் இருந்தால்தான் பொருள் விற்கும் என்னும் எண்ணம் நிறுவனத்தை விட்டு அகலவில்லை. 1983 இல் தொடங்கிய 'த ஏ-டீம்' என்ற தொலைக்காட்சித் தொடர் அப்போது புகழுடன் விளங்கியது. 'சபோட்டர்' அத்தொடரின் பெயருக்கேற்ப மாற்றப்படலாயிற்று. அதில் நடித்த மிஸ்டர் டி என்பவரின் தலை திரையில் இயங்கும் நாயக உருவமாயிற்று. இம்மாற்றமும் கடைவரை செல்லவில்லை. 1984 சூலையில் வார்னர், அடாரியின் வீட்டுக்கருவிப் பிரிவை ஜாக் டிராமியெலுக்கு விற்றது. ஊழியர் பலர் வேலையிழந்தனர், திட்டங்கள் கைவிடப்பட்டன, 'சபோட்டர்' தன் பெயரிலும் வெளிவரவில்லை, மாற்றார் பெயரிலும் வெளிவரவில்லை.

வெயிலுக்கு அஞ்சும் சுவடி

விற்பனைக்குரிய பேழையில் நிரல் சில்லைத் தயாரிக்கும்போதே நிலையாகப் பதிக்கப்பட்டுவிடும். அதற்கு வாரங்களும் பெருந்தொகையும் வேண்டும். ஆயிரக்கணக்கில் செய்தால்தான் கட்டுப்படியாகும். எனவே சோதனைக் கட்டத்தில் அழித்து எழுதக்கூடிய வேறொருவகைச் சில்லைப் பயன்படுத்தினர். அதன் முதுகில் சிறியதொரு கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதன்வழியே புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் எழுதியவை அழிந்துவிடும். சில்லில் மீண்டும் எழுதலாம். தற்செயலாக அழியாதிருக்கச் சாளரத்தின்மீது ஒரு தாளை ஒட்டுவர். தாள் உரிந்து சில்லு நேர்வெயிலில் கிடந்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அனைத்தும் மறைந்துபோகும். ஓலைச்சுவடிக்குக் கறையான் பகை. இச்சுவடிக்கு வெளிச்சமே பகை.

வெளிவராத விளையாட்டுகள் பிழைத்திருப்பின் அதற்குக் காரணம் இத்தகைய முன்மாதிரிப் பேழைகளும் அவற்றைத் தூக்கி எறிய மனமில்லாத சிலருமே. நிறுவனம் வேண்டாமென்று கழித்தவற்றை முன்னாள் ஊழியர் சிலர் தம்மிடம் வைத்திருந்தனர். அவற்றைத் தேடிப் பெற்ற ஆர்வலர்கள், சில்லில் எஞ்சியிருந்ததைப் படியெடுத்துக் காத்தனர். காலத்தில் படியெடுக்கப்படாதவை அழிந்துபோவதற்கும் வாய்ப்பு மிகுதி.

'சபோட்டர்' பிழைத்தது. 2004 இல் அடாரி என்னும் பெயரைத் தாங்கிய பிற்கால நிறுவனம் 'ஃபிளாஷ்பேக்' என்ற சிறுகருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் உள்ளடங்கிய 20 விளையாட்டுகளுள் 'சபோட்டர்' ஒன்று; தன் சொந்தப் பெயரிலேயே இடம்பெற்றது. முதற் கருவியில் நின்டெண்டோ கருவியை ஒத்த சில்லே இருந்தமையால் விளையாட்டுகளை அதற்கேற்பப் புதிதாக அமைக்க நேர்ந்தது. மறு ஆண்டு வந்த இரண்டாம் கருவி, பழைய அடாரியின் இயக்கத்தையே பின்பற்றிச் செய்யப்பட்டது. அதிலும் 'சபோட்டர்' இருந்தது.

பாலைவனத்தில் ஒரு தோண்டல்

1983 செப்டம்பரில் டெக்சாசின் எல் பாசோவிலிருந்த அடாரிக் கிடங்கிலிருந்து லாரிகள் புறப்பட்டன. விற்காத சரக்குகளை நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் அவை கொட்டின. மேலே கான்கிரீட்டும் ஊற்றப்பட்டது. நாளேடுகள் அன்றே எழுதிய செய்திதான் இது. எனினும் காலப்போக்கில் கட்டுக்கதை என்றே பலரும் ஐயுற்றனர். 2014 ஏப்ரல் 26 அன்று, ஆவணப்படமொன்றன் பொருட்டு, தொல்லியலாளர் முன்னிலையில் அவ்விடம் தோண்டப்பட்டது. ஏறத்தாழ 1,300 பேழைகள் வெளியே எடுக்கப்பட்டன. 'ஈ.டி.' மட்டுமன்றி, நன்றாக விற்ற 'சென்டிபீட்' முதலிய வேறு விளையாட்டுகளும் அவற்றுள் இருந்தன. மோசமானதை மட்டும் வெட்கத்தால் புதைத்தார்கள் என்ற கதை அன்றோடு பொய்த்தது. புதைக்கப்பட்டது விற்காத சரக்கு, அவ்வளவே. மீட்டெடுத்த 'ஈ.டி.' பேழை ஒன்று பின்னர் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது.

அன்று தோண்டிய இடத்தில் வார்ஷாவும் நின்றிருந்தார். அடாரியை விட்டகன்ற பின் பல தொழில்களைக் கண்டு, அதற்குள் அவர் உளநல மருத்துவ ஆலோசகராகியிருந்தார். கணிப்பொறித் துறையின் பரபரப்பில் மனம் நைந்தவர்களுக்கு ஆறுதல் கூறுவதே அவர் மேற்கொண்ட பணி. ஐந்து வார அவசரத்தை உடலாலும் உள்ளத்தாலும் அறிந்த ஒருவருக்கு அப்பணி பொருந்தியதில் வியப்பில்லை.

ஒரே மனிதர், ஒரே கருவி, ஒரே 128 பைட்டுகள். 'ஈ.டி.' இலட்சக்கணக்கான வீடுகளை எட்டியதற்கு அதன் தகுதி காரணமன்று. கிறிஸ்துமஸ் நாள்காட்டி காரணம். 'சபோட்டர்' எவர் வீட்டையும் எட்டாமைக்கு அதன் குறை காரணமன்று. நிறுவனம் கைமாறியது காரணம். வெளியீட்டை வைத்து மட்டும் ஒரு வேலையை எடைபோட்டால் இவ்விரண்டிலும் நாம் தவறியிருப்போம். நம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் வீடுகளிலும், நேரம் தரப்படாமையால் கெட்டுப்போன வேலைக்குப் பழி ஏற்றவர் எத்தனை பேர்! செம்மையாகச் செய்தும் எவர் கண்ணிலும் படாமல் பெட்டிக்குள் கிடக்கும் உழைப்பு எவ்வளவு! அவர்களை நாம் எவ்வாறு அளக்கிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று. அத்துடன், சாளரத்தின்மீது தாளை ஒட்டிக் காத்த பெயர் தெரியாத கைகளையும் நன்றியுடன் நினைத்தல் வேண்டும்.