எஸ்டேட் என்னும் சொல்லும் செண்டாயான் மண்ணும்

'எஸ்டேட்' என்னும் ஆங்கிலச் சொல், 'நிலை' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மனிதன் எய்திய பருவம், சமூகத்தில் அவனுக்குரிய படி, அவனது நிலபுலம், இறந்தபின் அவன் விட்டுச்செல்லும் சொத்து என அதன் பொருள்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்தன. 1789இல் பிரான்சில் கூடிய பேரவையின் குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகிய மூன்று வகுப்புகளும் இச்சொல்லாலேயே சுட்டப்பட்டன. பத்திரிகைத் துறையை நான்காவது எஸ்டேட் என்பது அதன் தொடர்ச்சி. மலாயாவின் மேற்குக் கரைக்கு இச்சொல் வந்தபோது, இப்பொருள்களுள் நிலம் ஒன்றே முதலில் கப்பலேறியது எனலாம்.

அப்பொருளும் தமிழ் மாவட்டங்களுக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் 1908ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன்களையே அப்பெயரால் குறித்தது. இராமநாதபுரமும் சிவகங்கையும் அவ்வகையில் எஸ்டேட்டுகள். அங்கு அச்சொல் சுட்டியது, குடியானவர்கள் பயிரிட ஒருவர் வரி தண்டிய பரப்பை. மலாயாவிலோ அது, முதலீட்டாளர் கூலியாட்களை நேரே வைத்து ஒரே பயிரை ஏற்றுமதிக்காக வளர்த்த நிலப்பரப்பைச் சுட்டியது. ஊரில் ஜமீனின் பெயராக இருந்த சொல், கடல் கடந்தவர்களுக்குத் துரையின் ஆட்சிப் பரப்பாயிற்று.

சிரம்பானுக்குத் தென்மேற்கே செண்டாயானை உள்ளடக்கிய வட்டாரத்தில் இம்மாற்றத்தை முதலில் கொணர்ந்தது ரப்பர் அன்று, காப்பியே. இவ்வட்டாரம் அடங்கிய சுங்கை ஊஜோங்கில் 1874இல் பிரிட்டிஷார் காலூன்றியபின் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் லைபீரியக் காப்பியை நட்டனர். 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. பிரேசில் காப்பியின் மிகுதியால் விலை சரிந்தபோது, 1890களின் இறுதியிலிருந்து அந்நிலங்களில் ரப்பர் ஏறியது. அதற்கு ஆட்கள் தேவைப்பட்டனர்; 1907இல் தமிழர் குடியேற்ற நிதி நிறுவப்பட்டபின், முதலாளிகள் செலுத்திய வரியிலிருந்து கப்பல் கட்டணம் கொடுக்கப்பட, உரிமம் பெற்ற கங்காணிகள் தங்கள் ஊர்களிலிருந்தே ஆள் திரட்டினர்.

வந்தவர்கள் தங்கள் இருப்பிடத்தைத் தோட்டம் என்றே அழைத்தனர். கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசன நிலத்துக்கும், பிற பகுதிகளில் வீட்டுக் கொல்லைக்கும் வழங்கிய அச்சொல், இங்கு பல நூறு ஏக்கரைத் தாங்கவேண்டியதாயிற்று. விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு, வரிசை வீடுகளான லயம், கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகை, கோயில், கள்ளுக்கடை ஆகிய யாவும் அதன் எல்லைக்குள் அடங்கின. பொருள் இவ்வாறு விரிந்ததில் பெருமை பேச அதிகமில்லை. வெளியே செல்லவேண்டிய தேவையே எழாதபடி அமைக்கப்பட்ட உலகம் அது.

சட்டம் இச்சொல்லை எவ்வாறு அளந்தது என்பதே தொழிலாளர் வாழ்வில் மிகுந்த விளைவுடையது. மலாயாவின் ரப்பர்க் கணக்குகளில் நூறு ஏக்கருக்குக் குறையாத நிலமே எஸ்டேட். அதற்குக் கீழ்ப்பட்டது சிறுதோட்டம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமோ, ஏழு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் அத்தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்றது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல்கிய காரணங்களுள் இதுவும் ஒன்று. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டு நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைத் துண்டாடிச் சிறு உடைமைகளாக மறுவிற்பனை செய்தபோது, மரமும் மண்ணும் மாறாதிருக்க, எஸ்டேட் என்னும் தகுதி மட்டும் கரைந்தது. பலர் வேலையையும் அதனோடு பிணைந்த லயத்து வீட்டையும் ஒருசேர இழந்தனர். இதற்கு மாற்றாக மலாயா இந்தியர் காங்கிரசுத் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பங்குப் பணத்தைக்கொண்டே தோட்டங்களை வாங்க வழிசெய்தார். எஸ்டேட்டின் உடைமையாளர் என்னும் நிலைக்குத் தொழிலாளர் வந்த அரிய நிகழ்வு அது.

இறந்தோர் சொத்து என்னும் பொருளும் சட்டத்தில் உயிர்த்திருக்கிறது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டுச் சிறு எஸ்டேட் பங்கீட்டுச் சட்டம் தோட்டங்களைப் பற்றியதன்று; உயில் எழுதாமல் இறந்தோர் விட்டுச்சென்ற, நிலம் அடங்கிய சிறு சொத்துகளை வாரிசுகளுக்குப் பிரித்தளிப்பதற்கானது. வாழ்நாள் முழுதும் எஸ்டேட்டில் பால் வெட்டியும் சொந்தமாக நிலம் சேராதவர்களுக்கு இச்சட்டத்தின் உதவி தேவைப்பட்டதில்லை என்பது அதிகம் பேசப்படாத செய்தி.

இருபத்தொன்றாம் நூற்றாண்டில் செண்டாயானின் பெயரோடு இச்சொல்லின் வேறு பொருள்கள் சேர்ந்தன. தோட்டநிலமாக இருந்த இவ்வட்டாரத்தில் பண்டார் ஸ்ரீ செண்டாயான் நகரமும், செண்டாயான் டெக்வேலி என்னும் தொழிற்பேட்டையும் எழுந்தன. சுங்கை பீசியிலிருந்த விமானப்படைத் தளத்துக்கு மாற்றிடமும் இங்கேயே அமைந்தது. தொழிற்பேட்டையும் ஆங்கிலத்தில் எஸ்டேட்டே. கிண்டியிலும் அம்பத்தூரிலும் தமிழர் அவ்வாறே வழங்குவர். வீட்டுமனை வணிகமான 'ரியல் எஸ்டேட்'டில், நிலத்தின் மதிப்பு அதில் விளைவதைக் கொண்டன்றி, விற்கும் விலையைக் கொண்டே கணிக்கப்படுகிறது. லயங்களிலிருந்து வெளியேறியோருக்கு மாற்று வீடு கேட்கும் கோரிக்கை மலேசியத் தோட்டங்கள் பலவற்றில் எழுந்தது இக்கணிப்பு மாறிய காலத்தில்தான். பெரட்டில் பெயர் இருந்தவரை மட்டுமே வீடு என்பதே அதற்கு முந்தைய பொதுவழக்கு.